உன் தம்பி தேர்தலில் நிற்கும் விவரம்

டாகெட் மில்ஸ், வெர்மாண்ட்.
பிப்ரவரி 26, ஞாயிறு (இது தொடங்கிய நாள், முடிக்கும் நாள் தெரியாது)

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

உன் தம்பி ஹார்லன் எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை, அக்கா. என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து இப்படிக் கோணலும் மாணலுமாக இருப்பதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சிலது கீழே சரிகிறது, சிலது மேல்வரிக்குத் தாவுகிறது. வேலி விழுந்த அன்றைக்கு மாடுகள் செய்வது போலவே செய்கின்றன. பென்சிலை நான் கோடாலிக் காம்பு மாதிரி பிடிக்கிறேன்; இதுவரை நான்கு முறிந்துவிட்டன. எழுபத்து நான்கு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிந்ததும் எழுந்துபோய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, திரும்பி வந்து அந்த வரியைப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததே அதில் இருக்கிறது! வேறொன்றும் இல்லை! இதைவிட ஆச்சரியமான எதையும் நான் பார்த்ததில்லை.

நீயும் ரஸ்ஸல் அத்தானும் அரிசோனா வெயிலில் நலமாக இருக்க வேண்டும். உன் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் வேலிக் கம்பத்தை மூடிக் கிடக்கிறது, ஆனால் பகலில் சொட்டுகிறது. மேப்பிள் மரங்களில் துளை போட்டுவிட்டேன். வாளிகளில் சாறு இறங்க ஆரம்பித்திருக்கிறது, இனி அதைப் பாகு காய்ச்சும் வேலைதான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மனசுதான் சரியில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும் தெரிந்த சங்கதி, போன அக்டோபர் வரைக்கும். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டுவிடு. அத்தானிடம் காட்டாதே. உங்கள் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்று முன்பு சொன்னாய். அது இன்னும் சும்மாதான் கிடக்கிறதா என்று பார்த்து வை. அக்கா, நான் ஊர் மன்றத் தேர்தலில் நிற்கிறேன். பயமாக இருக்கிறது. ஜெயித்துவிடுவேன் போலிருக்கிறது.

எப்படி என்று கேட்பாய். நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து எனக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆளில்லை. பழுப்பு உறையில் வருவதெல்லாம் அரசாங்கக் கடிதம் என்பது மட்டும் தெரியும். என்ன செய்வேன்? சாறு காய்ச்சும் அடுப்பில் போட்டுவிடுவேன். நன்றாக எரியும். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குக் காப்பி கொடுத்து, "நான் எதையும் எழுதித் தர மாட்டேன்மா" என்று சொல்லி அனுப்பினேன். எவனாவது மனுவைக் கொண்டுவந்து நீட்டினால், "ஹொய்ட் எதிலயும் கையெழுத்து போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். பாகு காய்ச்சும் கொட்டகையை அனுமதி வாங்காமல் கட்டினேன், அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதியிருந்ததே எனக்குத் தெரியாது. அடுத்தவன் காட்டில் உள்ளே வராதே என்று பலகை மாட்டியிருந்தால் அந்தப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டுதான் வேலியைத் தாண்டுவேன். ஊர்க் கூட்டத்தில் வெள்ளைச் சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்கள் அல்லவா, நான் ஐம்பது வருஷமாக வெறும் சீட்டைத்தான் மடித்துப் போட்டேன். எண்ணி முடித்ததும் "வெற்றுச் சீட்டு ஒன்று" என்று கூட்டத் தலைவர் அறிவிப்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் யாரோ மாதிரி திரும்பிப் பார்ப்பேன், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் வெட்கத்தால் செய்தேன், அக்கா. ஆனால் பார்த்தவர்கள் கொள்கை என்று நினைத்துவிட்டார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் டெவின் ஹார்ட்செல் என்று ஒரு பையன் வெளிமாநிலத்திலிருந்து வந்து ஆற்றுக்கு மேல்புறம் குடியேறினான். பையன் என்றால் முப்பத்தைந்து வயது, மார்பு வரை தாடி, பதினெட்டு வாத்து. லிபர்டேரியன் கட்சிக்காரன். உனக்குத்தான் அவர்களைத் தெரியுமே, அரசாங்கம் மனிதனை விட்டு எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்பவர்கள். அவன் பாகு வாங்க வந்த அன்று நான் பழுப்பு உறை ஒன்றைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டான்.

"சார், அது வரி ஆபீஸ் கடுதாசி இல்ல?"

"இருக்கும்" என்றேன்.

"பிரிச்சுக்கூட பாக்கலியே!"

"எதுக்குப்பா பாக்கணும்?"

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான், அக்கா. அதற்கப்புறம் அவனும் அவன் கூட்டாளிகள் எட்டுப் பேரும் ஒவ்வொரு வசந்தத்துக்கும் வந்து எனக்கு விறகு சுமந்தார்கள். கூரைமேல் பனி ஏறினால் கேட்காமலேயே வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஒருவன் தன் மரத்தைத் தானே வெட்டிக்கொள்ளட்டும், அவனிடம் போய் நூறு கேள்வி கேட்காதே என்கிறார்கள். சரிதானே? ஆனால் "சார் ஐம்பது வருஷமா ஒரு படிவம் நிரப்பினதில்ல" என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லும்போது நான் அடுப்பைக் கிளறிக்கொண்டு தலையைக் குனிந்திருப்பேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

(இன்று செவ்வாய். நேற்று முழுக்கப் பாகு காய்ச்சினேன், எழுத முடியவில்லை.)

இனி அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் நூலகத்துக்கு நான்தான் விறகு போடுகிறேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் லோயிஸ் பெட்டின்ஜில், கணவரை இழந்தவர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர், அதட்டிப் பேச மாட்டார் ஆனால் அதட்டியது போலவே இருக்கும். அன்று பின்வாசல் படியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நான் வழக்கம்போல அந்தப் படியிலேயே ஒரு வண்டி விறகையும் அடுக்கிவிட்டேன். படிக்கு அப்போதுதான் வர்ணம் பூசியிருந்தார்களாம். காகிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்களாம். லோயிஸ் வெளியே வந்தார், பச்சை வர்ணம் அப்பிய விறகைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இனிமே செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. முன்கதவு பூட்டியிருக்கும். பின்கதவு திறந்திருக்கும். பத்து மணிக்கு வாங்க, ஹார்லன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

அப்படித்தான் செவ்வாய்தோறும் அவரிடம் எழுத்துப் படித்தேன். டிசம்பர் கடைசியில் என் பெயரை எழுத வந்துவிட்டது. ஹார்லன் ஹொய்ட். எவ்வளவு அழகான பெயர், அக்கா! அப்பாவும் அம்மாவும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பனியில் குச்சியால் எழுதினேன், கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினேன், வாளிகளிலெல்லாம் எழுதினேன். கையெழுத்துப் போட எங்காவது ஒரு காகிதம் கிடைக்காதா என்று நான் திரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் டெவின் தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு காகிதத்தோடு வந்தான்.

"சார், நீங்க எதுலயும் கையெழுத்து போட மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாக்கலாம்னு..."

"பேனா வெச்சிருக்கியா?" என்றேன்.

என் பெயரை மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். காகிதத்தில் மற்றபடி இருந்த எதையும் படிக்கத் தெரியாது. கழுமரத்துக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன். டெவின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எட்டுப் பேரும் என் கையைக் குலுக்கினார்கள். வீட்டுக்குள் போய் வெந்நீர் வைக்கும்போதுதான், எதற்காக இப்படிக் குலுக்கினார்கள் என்று யோசித்தேன். ஊர் மன்றத் தேர்தலில் நிற்கச் சம்மதம் என்ற காகிதம் அது என்று மறுநாள்தான் தெரிந்தது.

படிக்கத் தெரிந்தது முதல் எனக்கு நிம்மதி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தில் எழுதி வைத்திருப்பதில் முக்கால்வாசி எச்சரிக்கைதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏணியின் கடைசிப் படியில் நிற்கக் கூடாது என்று அந்த ஏணியிலேயே எழுதியிருக்கிறது. நாற்பது வருஷமாக அங்கேதான் நின்றேன். என் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் பசுவின் மடிக்கானது, மனிதருக்கு ஆகாது. ஆற்றின்மேல் கூரை போட்ட மரப்பாலத்தின் வாயிலில் எத்தனை பாரம் ஏற்றலாம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது, நான் அதன்மேல் இரண்டு மடங்கு மரத்தை ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி போயிருக்கிறேன். இப்போது காலி வண்டியைக்கூடப் பாலத்துக்கு வெளியே நிறுத்தி, இறங்கி, ஒருமுறை படித்துவிட்டுத்தான் போகிறேன். டெவின் பின்னாலேயே வந்து, "என்ன சார், வண்டில கோளாறா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

போன வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை தேர்தல் பிரசாரம். நம் ஊரில் பிரசாரம் என்றால் குப்பைக் கிடங்கு வாசல்தான், நீ மறந்திருக்க மாட்டாய். எல்லோரும் சனிக்கிழமை குப்பை கொண்டுவந்தாக வேண்டுமே. டெவின் அச்சடித்த துண்டுத்தாளில் என் படம் போட்டிருந்தது. நான் காலை எட்டு மணி முதல் நின்று, வந்தவர் போனவருக்கெல்லாம் சிரித்த முகத்தோடு கொடுத்தேன். லோயிஸின் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு கொடுத்தேன். மிச்சம் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, சாயங்காலம் அடுப்பருகே உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். என்னைப் பற்றி அச்சில் வந்ததை நானே படிக்கிறேன் என்ற சந்தோஷத்தில் முதல் பத்தியை இரண்டு தடவை படித்தேன்.

"பின்னணி: ஐம்பது ஆண்டுகளாக அரசுப் படிவம் எதையும் நிரப்ப மறுத்தவர். எந்த அதிகாரத்துக்கும் கையெழுத்திடாதவர். ஊர்க் கூட்டத்தில் ஆண்டுதோறும் விழும் வெற்றுச் சீட்டு இவருடையதே." இதுவரை வந்ததும் வியர்த்துவிட்டது. அடுத்தது: "போட்டியிடும் காரணம்: ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஊர் நூலகத்துக்கான நிதி ஒதுக்கீட்டை நிறுத்தி, கட்டடத்தை விற்பது."

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று விளக்கைப் பெரிதாக்கி மறுபடி படித்தேன். அதேதான். மறுநாள் காலையில் டெவின் வந்ததும் நைசாகக் கேட்டேன், நூலகத்தை ஏன்பா இதில் இழுத்தாய் என்று.

"யாரு சார் போறா அங்க? நான் கவனிச்சுக்கிட்டேதான் வர்றேன். செவ்வாய்க்கிழமையானா நாள் பூரா பூட்டு! ஒரு ஆளு இல்லாத கட்டடத்துக்கு ஊரே எதுக்கு வரி கட்டணும், சொல்லுங்க?"

நான் என்ன சொல்வேன், அக்கா? அந்த ஒரு ஆள் நான்தான் என்றா?

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பாடத்துக்குப் போகவில்லை. புதன்கிழமை குப்பைக் கிடங்கு திறந்ததும், ஜனங்கள் எறிந்த துண்டுத்தாள்களையாவது அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். பழைய காகிதத் தொட்டியில் மேலாகவே என் முகம் முப்பது நாற்பது சிரித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினேன். தொட்டியில் ஒரு பலகை. "இதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது." கை அப்படியே நின்றுவிட்டது. முன்பென்றால் தொட்டியையே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். படித்த பிறகு எப்படி எடுப்பது? அரை மணி நேரம் நின்றிருப்பேன். பின்னால் ஒரு சிரிப்பு. பதினெட்டு வருஷமாக ஊர் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் வால்டர் கிம்பல். சின்ன வயதில் உன் தொப்பியை ஆற்றில் போட்டானே, அவனேதான்.

"என்னடா ஹார்லன், பலகையப் பாத்து மிரண்டு நிக்கற? நீ எந்தப் பலகைக்குடா நின்னிருக்க?"

"வால்டர், இந்தத் தேர்தல்ல நீ என்னை எதிர்த்து நல்லா வேலை செய்யணும்" என்றேன்.

"எதிர்க்கறதா? நீ நிக்கறேன்னு கேட்டதும் என் பொண்டாட்டி அழுதுட்டாடா, சந்தோஷத்துல! ஃபுளோரிடாவுல வீடு பாத்தாச்சு. நான் நிக்கல. என் ஆளுங்க எல்லார்கிட்டயும் உன் பேரத்தான் எழுதச் சொல்லியிருக்கேன்."

"நான் விலகிக்கலாம்னு பாக்கறேன்."

"விலகு. உன் எடத்துல அந்தத் தாடிக்காரன் நிப்பான், எதிர்க்க ஆள் இல்லாம ஜெயிப்பான். மொத வேலையா நூலகத்த வித்துடுவான். அவ்வளவுதானே? கஷ்டமான வேலை ஒண்ணும் இல்லடா. காகிதம் வரும், கையெழுத்து போடணும். பதினெட்டு வருஷத்துல நான் ஒண்ணுகூடப் படிச்சதில்ல."

"உனக்குப் படிக்கத் தெரியுமே, வால்டர்!"

"தெரியும். அதுக்காக எவன்டா ஒக்காந்து படிப்பான்?"

இதைக் கேட்டதும் துண்டுத்தாள்களை அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு வண்டி ஏறினேன்.

(புதன். இன்று இரண்டு பென்சில்.)

போன வியாழக்கிழமை லோயிஸ் என் கொட்டகைக்கே வந்துவிட்டார். ஆவி மண்டிக் கிடந்ததில் யார் என்று முதலில் தெரியவில்லை. கையில் அந்தத் துண்டுத்தாள் இருந்தது தெரிந்தது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"செவ்வாய்க்கிழமை உங்களக் காணோமே."

"சாறு இறங்க ஆரம்பிச்சிடுச்சு டீச்சர்..."

"பரவால்ல. இன்னிக்கு இங்கயே பாடம் வெச்சுக்கலாம்" என்று துண்டுத்தாளை நீட்டினார். "படிங்க."

"இதையா?"

"சத்தமா."

அவர் முகத்துக்கு நேரே அவர் நூலகத்தை விற்கப்போகிறேன் என்று நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், அக்கா. "நிதி" வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்த வார்த்தையில் சிக்கிக்கொண்டேன்.

"ஒதுக்கீட்டை" என்று எடுத்துக் கொடுத்தார். "திரும்பச் சொல்லுங்க."

"ஒதுக்... கீட்டை."

"ம். மேல. முற்றுப்புள்ளி வந்தா மூச்சு விடணும், ஹார்லன்."

"மூச்சு வரல டீச்சர்."

கடைசி வார்த்தை வரை படித்து முடித்தேன். பாகு பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை, அவர்தான் எழுந்து கரண்டியால் அடக்கினார். "நல்லா படிச்சீங்க. போன மாசம் ரெண்டெழுத்து வார்த்தைக்கே தடுக்கிட்டு நின்னீங்க" என்றார். அப்புறம், "இது உங்க வார்த்தையா?" என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுது. வார்த்தை என்னுது இல்ல."

"அப்ப உங்க வார்த்தைய நீங்க எழுதுங்க."

"எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே, டீச்சர்."

"நான் அஞ்சு மாசமா யார்கிட்டயும் சொல்லல. நூலகம் போனாலும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோபித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் பத்திரிகையிலிருந்து படிவம் வந்தது. நம் வட்டாரத்து வாரப் பத்திரிகையின் வழக்கம் உனக்குத் தெரியும், வேட்பாளர் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும், அதை அப்படியே படம் பிடித்துப் போடுவார்கள். வேறு யாரும் எழுதித் தரக் கூடாது. டெவின் எழுத முடியாது. இரண்டே கேள்வி. உங்கள் பின்னணி என்ன? ஏன் போட்டியிடுகிறீர்கள்? இந்த வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். சனிக்கிழமை பத்திரிகை வரும், அடுத்த செவ்வாய் ஊர்க் கூட்டம், அங்கேதான் ஓட்டு. அந்தப் படிவம் ஐந்து நாளாக என் மேஜைமேல் கிடக்கிறது. அதன்மேல் ரொட்டித் தட்டை வைத்து மூடியிருக்கிறேன்.

பயத்தை எப்படிச் சொல்வது? விலகினால் டெவின் வருவான், நூலகம் போகும். நின்று ஜெயித்தால் துண்டுத்தாளில் சொன்னதைச் செய்யாமல் டெவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? உண்மையைச் சொன்னால் ஐம்பது வருஷம் நான் கட்டிக்காத்தது ஒரே காலையில் போகும். ஆறு வயதுப் பிள்ளை எழுதியது போன்ற இந்த எழுத்தை ஒவ்வொரு வீட்டிலும் காப்பியோடு வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். கடைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கும். அந்த ஒன்பது பிள்ளைகளும் விறகு சுமக்க வர மாட்டார்கள். இரண்டு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. உனக்கு எழுதும்போது மட்டும் ஓடுகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(வியாழன், சாயங்காலம்.) பதினோரு பக்கம் ஆகிவிட்டது. அந்தப் பின்பக்கத்து அறையை ஒழித்து வைத்துவிடு. அடுத்த வியாழக்கிழமைக்குள் நான் பேருந்து ஏறினாலும் ஏறுவேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல், காரணத்தைச் சொல்லாதே. உன் முழங்காலுக்கு எந்தத் தைலம் போட்டாலும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போடு. கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல நடையும் தரட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஹார்லன் ஹொய்ட்
(கையெழுத்தை மட்டும் பார், எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது!)

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. அறை வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம். அத்தானிடம் தாராளமாகக் காட்டு.

இன்று விடிந்ததும் அந்தப் படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்பிவிடுவது என்று எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. யாரும் காட்டவில்லை, நானாகவே பார்த்தேன். "இடம் போதாவிட்டால் கூடுதல் தாள் இணைக்கலாம்." பிறகு முதல் கேள்விக்கு எதிரே "இணைப்பைப் பார்க்கவும்" என்று எழுதி, உனக்கு எழுதிய பதினோரு பக்கத்தையும் அதோடு சேர்த்துக் குத்திவிட்டேன். என் பின்னணி அதில்தான் இருக்கிறது. உனக்கு வருவது லோயிஸ் நூலக எந்திரத்தில் எடுத்துக் கொடுத்த நகல். இந்தப் பக்கம் மட்டும் அசல். தாள்களை எந்திரத்தில் வைக்கும்போது அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டே வைத்தார். நான் பார்த்தேன்.

மத்தியானம் டெவின் படிவத்தை வாங்கிப் போக வந்தான். நேரே கொடுத்தனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "மொதல்ல நீ படிப்பா" என்றேன். வாளிமேல் உட்கார்ந்து பதினோரு பக்கமும் படித்தான். எனக்கு ஐந்து நாள் ஆனதை அவன் கால் மணியில் படித்துவிட்டான். நான் அடுப்புக்கு விறகு போட்டேன், மறுபடி போட்டேன், தேவையில்லாமல் போட்டேன்.

"அப்ப அந்த வெத்துச் சீட்டு... கொள்கை இல்லியா சார்?"

"இல்லப்பா."

"நான் அதக் கேட்டுதான் சார் இந்த ஊர்லயே தங்கினேன்."

அவன் தாடியை இழுத்துக்கொண்டே தாள்களை மறுபடி புரட்டினான். அப்புறம், "இதுல ஒரு குறை இருக்கு சார்" என்றான். "நூலகத்த மூட மாட்டேன்னு எங்கயும் தெளிவா எழுதல. ஜனங்க கொழம்பிடுவாங்க. ரெண்டாவது கேள்விக்கு அத எழுதிடுங்க."

"உன் கட்சிக்கு விரோதமாச்சே?"

"ஒருத்தர் என்ன எழுதணும்னு இன்னொருத்தர் சொல்லக் கூடாது. அதான் சார் என் கட்சி. கூட்டத்துல எழுந்து நூலகத்த எதிர்த்துதான் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன். கூரைல பனி ஏறினா வருவேன், அது வேற."

பென்சிலை எடுத்தேன். இந்தத் தடவை கை ஓடியது. இரண்டாவது கேள்விக்கு இதைத்தான் எழுதியிருக்கிறேன்: "நூலகத்தை மூடக் கூடாது. ஊர் மன்றத்துக்கு வரும் காகிதங்களைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் படிக்க வேண்டும். நான் மெதுவாகப் படிப்பேன்."

டெவின் அதை உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். கூப்பிட்டு நிறுத்தலாமா என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. பொய் சொல்ல மாட்டேன். நாளைக் காலையில் கடை திறப்பதற்கு முன்பே போய் நின்று, முதல் பத்திரிகையை நானே வாங்கி, அங்கேயே எல்லோருக்கும் எதிரில் விரல் வைத்துப் படிக்கப் போகிறேன். ஊர் என்ன சொன்னது, கூட்டத்தில் என்ன ஆனது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். ஒரு டஜன் பென்சில் வாங்கிவிட்டேன்.